பேச்சியம்மாள் பயத்தை விட்ட கதை

போன வாரம் பவித்ரா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் இடத்துக்கு வந்திருக்கும் நர்ஸ் அவள். எடுத்த எடுப்பிலேயே மூக்கை உறிஞ்சினாள். அன்று காலையில் ஒரு அம்மாவின் மருமகன் கையில் செல்போனோடு வந்து நின்று, வரிசையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டிருக்கிறான். அத்தைக்குக் கொடுத்த மாத்திரை மனச்சோர்வுக்கானது என்று போனில் போட்டிருக்கிறதாம். அத்தை எங்கே சோர்ந்து கிடக்கிறாள், நாள் முழுக்க ஓடிக்கொண்டுதானே இருக்கிறாள், பயம் என்று வந்தவளுக்கு எதற்கு இந்த மாத்திரை, ஆள் மாற்றிக் கொடுத்துவிட்டீர்களா என்று ஒரே ஆட்டம்.

"என்ன பதில் சொல்றது சிஸ்டர்?" என்றாள் பவித்ரா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குக் கோபம். சிரிக்காமல் என்ன செய்வது? நான் வேலை பார்த்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. முன்பு மருந்துக்கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு வந்து சண்டை போட்டார்கள், இப்போது போனைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். பதிலைச் சொன்னேன். கூடவே பேச்சியம்மாள் கதையையும் சொன்னேன். "இதை எழுதிக் குடுங்க சிஸ்டர், எங்க செட்டு எல்லாரும் படிக்கட்டும்" என்றாள். பேசத்தான் எனக்குத் தெரியும், எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் பவித்ரா கேட்டால் மறுக்க முடியாது, அழுதுவிடுவாள்.

என் பெயர் செல்வராணி. வீடு பழங்காநத்தத்தில். நர்சிங் படித்தது, முதல் ஊசிக்குக் கை உதறியது, ஆபரேஷன் வார்டில் பல வருடம் கால் கடுக்க நின்றது எல்லாம் எல்லா நர்சுக்கும் உள்ளதுதான், அதை விட்டுவிடுகிறேன். மனநலப் பிரிவுக்கு மாற்றல் வந்த செய்தியைக் கேட்டு வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிற குரலில் விசாரித்தார்கள். என் கணவர் மட்டும், "உன் கோவத்துக்கு அங்கதான் சரிப்படும்" என்றார். அந்த மனிதருக்கு அன்று இரவு சாப்பாட்டில் உப்புக் குறைவாகத்தான் விழுந்தது.

எங்கள் குழு வேனில் சுற்றுகிற குழு. வாரத்தில் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு ஊர். செவ்வாய்க்கிழமை டி. கல்லுப்பட்டி. கோரிப்பாளையத்தில் டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு வேன் பாலம் தாண்டி வரும், பழங்காநத்தம் ரவுண்டானாவில் நான் ஏறிக்கொள்வேன். திருமங்கலம் தாண்டியதும் இரண்டு பக்கமும் பருத்தியும் மக்காச்சோளமுமாக வரும். அதுவரை டாக்டரம்மா பேச மாட்டார், அதற்குமேல் நிறுத்த மாட்டார்.

டாக்டர் ரஹ்மத்நிஷா. எனக்குப் பல வயது இளையவர், ஆனாலும் என் மேலதிகாரி. சேர்ந்த புதிதில், சின்னப் பெண் நமக்கு என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். முதல் மாதத்திலேயே வாயை மூடிக்கொண்டேன். நான் யாரிடமாவது எகிறினால் திட்ட மாட்டார். "ராணிக்கா, மூச்சு விடுங்க" என்பார், அவ்வளவுதான். நோன்பு மாதத்திலும் ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. இளநீர் வெட்டிக்கொண்டு வந்து நீட்டுகிற ஆட்கள் அப்புறம்தான் ஞாபகம் வந்து நாக்கைக் கடித்துக்கொள்வார்கள். அந்த இளநீர் எல்லாம் எனக்குத்தான் வந்தது. ரம்ஜான் மாதத்தில் எனக்கு உடம்பு நன்றாகக் குளிர்ச்சியாக இருக்கும்.

அவர் நோயாளியைப் பார்க்கிற விதம் தனி. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்து, வந்தவருக்குப் பக்கவாட்டில் போட்டுக்கொள்வார். "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று ஒருநாளும் தொடங்க மாட்டார். "இன்னைக்கு வீட்டை விட்டுக் கெளம்பும்போது எதையெல்லாம் திரும்பப் போய்ப் பாத்துட்டு வந்தீங்க?" என்பார். பயந்த ஆட்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிடும். தன் வீட்டுக்குள் வந்து பார்த்த மாதிரி கேட்கிறாரே என்று.

மருந்து எழுதுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார். பிறகு சொல்லுவார்: இது உடனே கேட்காது, மெதுவாகத்தான் கேட்கும், சில வாரம் ஆகும். ஆரம்பத்தில் கொஞ்சம் குமட்டலாம், படபடப்பு கூடினாற்போலக் கூட இருக்கலாம், அதற்குப் பயந்து விட்டுவிடக் கூடாது, பொறுக்க முடியவில்லை என்றால் எங்களுக்குச் சொல்ல வேண்டும். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. நிறுத்துகிற காலம் வரும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நாங்களே நிறுத்துவோம். இவ்வளவும் சொல்லிவிட்டு, "இப்ப நீங்க எனக்குச் சொல்லுங்க" என்பார். நோயாளி தன் பேச்சில் ஒப்பிக்க வேண்டும். ஒப்பித்த பிறகுதான் பேனாவைத் திறப்பார். வெளியே கூட்டம் அலைமோதும், எனக்குக் காலில் வெந்நீர் கொட்டினாற்போல இருக்கும். அவர் அசைய மாட்டார்.

எல்லாருக்கும் மாத்திரை கொடுத்துவிட மாட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். பேச்சோடும் மூச்சுப் பயிற்சியோடும் அனுப்பியவர்களும் உண்டு. சிலருக்குத்தான் மாத்திரை. அந்தச் சிலரில் ஒருத்திதான் பேச்சியம்மாள்.

டி. கல்லுப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். கொஞ்சம் நிலம், நாலைந்து ஆடு, வீட்டுக்காரர் தவசி, லாரி ஓட்டுகிற ஒரே மகன் பாண்டி. முதல் நாள் ஒரு கட்டைப்பை நிறைய ஈசிஜியும் ஸ்கேனுமாக வந்தாள். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வயிற்றைப் பிசைகிறது, கழுத்து இறுகிக் கிடக்கிறது, தூக்கம் இல்லை. போகாத டாக்டர் இல்லை. ஒருவர் வயிற்றில் கேஸ் என்றிருக்கிறார், ஒருவர் நரம்புத் தளர்ச்சி என்று ஊசி போட்டிருக்கிறார். இருதயத்தில் ஒன்றுமில்லை என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கா இப்படி அடித்துக்கொள்கிறது என்று அதற்கு வேறு பயம். நாற்காலி நுனியில், ஒரு கால் வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டார். கேஸ் அடுப்பு, பின்கதவு, ஆட்டுக்கொட்டம், மோட்டார் சுவிட்ச் என்று அடுக்கினாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகும் மனசு கேட்காமல், வீட்டுக்காரரை இறக்கித் திருப்பி அனுப்பியிருக்கிறாள். "போனாரா?" என்றார் டாக்டரம்மா. "போய்ப் பாத்துட்டு அடுத்த பஸ்ஸுல வந்தாரு" என்றாள். வாசல் பெஞ்சில் இருந்த தவசி, ஆமாம் என்று தலையை ஆட்டினார். அந்த மனிதர் அதிகம் பேச மாட்டார் என்று அன்றே தெரிந்தது. அவர் வாயைத் திறக்கத்தான் அந்த வீட்டில் இடமில்லையே.

அவள் பயத்துக்கு ஒரு வரிசையே உண்டு. மழை பெய்தால் சுவர் விழும், பெய்யாவிட்டால் பயிர் போகும். தவசி பைக்கை எடுத்தால், பார்த்துப் போங்க, லாரி வரும், நாய் வரும், மண்ணு சறுக்கும் என்று தெருமுனை வரை கூடவே போய்ச் சொல்லுவாள். பாண்டி புனேவுக்கு வெங்காய லோடு எடுக்கப் போனால், வழி முழுக்க விடாமல் போன். நிறுத்தி இருக்கிறாயா, சாப்பிட்டாயா, கண்ணைக் கட்டுகிறதா, முன்னால் போகிற வண்டியை ஒட்டிப் போகாதே. இருபது வருடத்துக்கு மேல் இதுதான் அவள் வேலை. அதைவிட முக்கியம், அவள் டாக்டரம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னது.

"நான் பயந்துக்கிட்டே இருக்கப் போயித்தான் டாக்டரம்மா இவுகளுக்கெல்லாம் ஒண்ணும் ஆகாம இருக்கு. இத்தன வருசத்துல ரோட்டுல ஒரு சிராய்ப்பு உண்டா? கேட்டுப் பாருங்க."

டாக்டரம்மா அதற்கு மறுப்பே சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், என் பக்கம் ஒரு பார்வை வந்தது. மூச்சு விட்டேன்.

இது இருதய நோயோ பைத்தியமோ இல்லை, பதற்ற நோய் என்று பெயர், நிறையப் பேருக்கு வருகிறது, சரிசெய்யலாம் என்று சொல்லி, எஸ்சிட்டலோப்ராம் என்கிற மாத்திரையைக் காட்டினார். சின்னதாக, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதியாகத்தான் ஆரம்பம். சோர்வுக்கான மாத்திரை என்று யாராவது சொல்லிப் பயமுறுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும், அதனால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். "மொதல்ல சோர்வுக்குன்னு கண்டுபிடிச்சாங்க, அந்தப் பேரே நின்னுருச்சு. பின்னால பாத்தா பதட்டத்துக்கும் நல்லாக் கேக்குது. இஞ்சியை நம்ம செரிக்கலைன்னாலும் போடுறோம், சளின்னாலும் போடுறோம்ல, அது மாதிரி" என்றார். பவித்ரா, செல்போனோடு வந்த அந்த மருமகனுக்கு நான் சொல்லச் சொன்ன பதில் இதுதான். என் சரக்கு இல்லை, டாக்டரம்மா சரக்கு.

பேச்சியம்மாள் ஒப்பித்தாள். "மொதல்ல கொமட்டும், பொறுத்துக்கணும். சொகமானா நிப்பாட்டக் கூடாது. நீங்க கொறைக்கச் சொன்னாத்தான் கொறைக்கணும்." பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள். சொல்லி முடித்ததும், போய்ச் சேர்ந்துவிட்டோம் என்று உங்களுக்குப் போன் பண்ணவா என்று என்னைக் கேட்டாள். பழக்க தோஷம்.

ஆரம்பம் கஷ்டமாகத்தான் இருந்தது. அடுத்த செவ்வாய் வந்து குமட்டுகிறது, முன்னைவிடப் படபடப்பு என்று புலம்பினாள். ஆனால் விடவில்லை, முன்பே சொல்லியிருந்தீர்களே என்றாள். டாக்டரம்மா இரண்டு வாரம் அரை மாத்திரையிலேயே வைத்துவிட்டு, பிறகு முழு மாத்திரை ஆக்கினார். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் உள்ளே வந்து உட்கார்ந்ததும் எனக்கு என்னவோ வித்தியாசமாகப் பட்டது. பிறகுதான் புரிந்தது, நாற்காலியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். எனக்கு அப்படியே அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வெளியே தவசி என்னிடம், ஏதோ ரகசியம் மாதிரி, "நேத்து என்கூட உக்காந்து ஒரு டீ முழுசாக் குடிச்சா சிஸ்டரு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவள் உட்கார்ந்து டீ குடித்துப் பார்த்ததில்லையாம்.

இதோடு முடிந்திருந்தால் இதை எழுதவே மாட்டேன். வீட்டில் ஒருவருக்கு நோய் குணமானால் மற்றவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை.

முதலில் வந்தவன் பாண்டி. மெயின் ரோட்டில் லாரியை நிறுத்திவிட்டு, தகராறு பண்ணவே வந்தவன் போல வந்தான். "எங்காத்தாளுக்கு என்னத்தக் குடுத்தீங்க? நான் புனே போயிட்டு வந்துட்டேன், ரெண்டே தடவதான் போன் பண்ணுச்சு. பெத்த புள்ளை மேல பாசமே இல்லாமப் போச்சு" என்றான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெற்றவளுக்கு நெஞ்சடைத்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கேடா இருந்தாய் என்று கேட்டே விட்டேன். சத்தம் கேட்டு டாக்டரம்மா அவனை உள்ளே கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்து, நிதானமாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க எப்பெப்ப ஆத்தாளுக்குப் போன் பண்ணுவீங்க தம்பி?"

பாண்டி யோசித்தான். மீசையைத் தடவினான். "அதுக்குத் தேவையே வந்ததில்லீங்களே, அதுதான் பண்ணிரும்ல" என்றான். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். தனியாக வண்டி ஓட்டுகிறவனுக்கு ஆத்தாளின் குரல் ஒரு துணை, அந்தத் துணை குறைந்ததில்தான் அவனுக்கு வருத்தம். அது தெரிந்தபிறகு அவன்மேல் எனக்கு இருந்த கோபம் பாதியாகிவிட்டது.

அடுத்தது பெரிய அடி. தவசி திருமங்கலம் போகிற வழியில் பைக்கிலிருந்து விழுந்து காலில் எலும்பு முறிந்துவிட்டது. அன்றைக்கு என்று பார்த்து, பேச்சியம்மாள் தெருமுனை வரை போய் எச்சரிக்காமல், பூவைத் தொடுத்துக்கொண்டே, போயிட்டு வாங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பார்க்க வந்த நாத்தனார் விடுவாளா? மாத்திரையைப் போட்டு மரத்துப்போய் உட்கார்ந்திருக்கிறாய், நீ வாய்விட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் அண்ணன் விழுந்திருப்பானா என்று கேட்டுவிட்டாள். பேச்சியம்மாளுக்கு அது போதும். மாத்திரை அத்தனையையும் குப்பைக்குழியில் கொட்டிவிட்டாள்.

இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் சிலருக்கு உடம்பு முரண்டு பிடிக்கும். தலை சுற்றும், மண்டைக்குள் சின்னச் சின்னதாக ஷாக் அடித்தாற்போல இருக்கும், காரணமில்லாமல் எரிச்சல் வரும். அவளுக்கு எல்லாமும் வந்தது. பயப்படாமல் இருந்ததற்குச் சாமி கொடுத்த தண்டனை என்று முடிவு கட்டிவிட்டாள். பழைய பயம் முன்னைவிடப் பலமாகத் திரும்பி வந்து, வீட்டை விட்டு யாரையும் நகர விடவில்லை. எங்களிடமும் வரவில்லை.

வந்தவர் தவசி. காலில் கட்டோடு, ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆட்டோவில் வந்து இறங்கினார். வருடக்கணக்கில் சேர்த்து வைத்த பேச்சை எல்லாம் அன்றுதான் பேசினார் என்று நினைக்கிறேன்.

"கால் ஒடஞ்சது எனக்கு டாக்டரம்மா. மாத்திரையை நிப்பாட்டுனது அவ. இது என்ன நாயம்? நாய் குறுக்க வந்துச்சு, விழுந்தேன். அவ பயந்துக்கிட்டிருந்த காலத்துல மட்டும் விழாமயா இருந்தேன்? விழுந்ததை வீட்ல சொல்லல, அம்புட்டுத்தான். சொன்னா அவ தாங்க மாட்டாள்ல."

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னும் என்னவெல்லாம் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டார். கேட்கக் கேட்க வந்துகொண்டே இருந்தது. தகப்பனும் மகனும் இத்தனை வருடமாகக் கீழே விழுந்ததையும், அடிபட்டதையும், கரண்ட் அடித்ததையும், பாம்பை மிதிக்க இருந்ததையும் ஒன்றுவிடாமல் அவளிடமிருந்து மறைத்திருக்கிறார்கள். ஊரே சேர்ந்து மறைத்திருக்கிறது. பாசத்தில்தான். ஆனால் அதனால் என்ன ஆயிற்று? தான் பயப்படுவதால்தான் ரோட்டில் ஒருவருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை என்று அந்தப் பெண்பிள்ளை உறுதியாக நம்பிவிட்டாள். பிறகு எப்படி அவள் பயத்தை விடுவாள்?

அவளிடம் இதைச் சொல்லிவிட வேண்டியதுதானே, இப்போதே போகலாம் என்று நான் கிளம்பிவிட்டேன். டாக்டரம்மா வேண்டாம் என்றார். "இப்பச் சொன்னா ஒடஞ்சு போயிருவாங்க ராணிக்கா. மொதல்ல மாத்திரை திரும்பக் கேக்கட்டும். கேட்டுக்குற தெம்பு வரட்டும்." தவசியிடம் ஒரு வேலை கொடுத்தார். எப்படியாவது அவளை அடுத்த செவ்வாய் கூட்டிக்கொண்டு வருவது. தவசி என்ன செய்தார் தெரியுமா? எனக்கு நீ துணைக்கு வராவிட்டால் நான் தனியாகப் போகிறேன், வழியில் எனக்கு எதுவும் ஆனால் என்னைக் கேட்காதே என்றிருக்கிறார். அவள் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். பேசாத மனிதர்களை நம்பவே கூடாது.

மறுபடி அரை மாத்திரையிலிருந்து. மறுபடி குமட்டல், மறுபடி பொறுமை. டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை, ஏன் நிறுத்தினாய் என்று குடையவுமில்லை. மண்டைக்குள் ஷாக் அடித்தது சாமி தண்டனை இல்லை, மாத்திரையைச் சட்டென்று விட்டதால் வந்தது என்று மட்டும் விளக்கினார். வாரங்கள் போயின. அவள் நாற்காலியில் மறுபடி சாய்ந்து உட்கார்ந்த அன்று, அடுத்த முறை வீட்டுக்காரரையும் மகனையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்.

அந்தச் செவ்வாயை நான் மறக்க மாட்டேன். நால்வரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். நான் தண்ணீர் செம்போடு கதவோரம் நின்றேன், மயங்கி விழுந்தால் பிடிக்க. இந்தப் பெண் தாங்குவாளா, இத்தனை மாதப் பாடும் இன்றோடு போய்விடுமா என்று இருந்தது எனக்கு. டாக்டரம்மா, வீட்டில் உங்களிடம் சொல்லாமல் வைத்த சில சங்கதிகள் இருக்கின்றன, கேட்க உங்களுக்குச் சம்மதமா, நடுவில் போதும் என்றால் நிறுத்திவிடலாம் என்றார். பேச்சியம்மாள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, "சொல்லச் சொல்லுங்க" என்றாள்.

தவசி தொண்டையைக் கனைத்தார். பேரையூர் ரோட்டில் பாலத்துக்குப் பக்கத்தில் பைக்கோடு விழுந்து தோள்பட்டை இறங்கியதைச் சொன்னார்.

"அது மாடு முட்டுனதுன்னுல்ல சொன்னீக?"

"மாடு முட்டல."

"அந்த மாட்டத்தான நான் சண்ட போட்டு விக்க வச்சேன்? பால் கறந்துக்கிட்டு இருந்த மாடு."

டாக்டரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், சிரிப்பில் தோள் குலுங்கியது. நான் செம்பைக் கீழே வைத்துவிட்டேன். ஆனால் அடுத்தது பாண்டி. அவன் சொல்லும்போது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. லோடு ஏற்றத் தாமதமாகிறது என்று சொல்லி ஒரு முறை நெடுநாள் வீட்டுக்கு வராமல் இருந்தானே, அப்போது லோடுக்காகக் காத்திருக்கவில்லை. தொப்பூர் மலை இறக்கத்தில் லாரி கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"அன்னைக்கு நான் போன் போட்டேனா?" என்றாள் பேச்சியம்மாள். குரல் மிகவும் சின்னதாக வந்தது.

"வண்டி கவுந்து கெடக்கும்போதும் உன் போன் அடிச்சுக்கிட்டேதான் ஆத்தா இருந்துச்சு. எடுக்கத்தான் முடியல."

அவள் மகனுடைய கையைப் பிடித்து, சட்டைக் கையை மேலே ஏற்றினாள். முழங்கைக்கு மேலே நீளமாக ஒரு தையல் தழும்பு. லோடு கட்டும் கயிறு அறுத்தது என்று சொல்லியிருந்தானாம். அதைத் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். நான் அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மயக்கமும் வரவில்லை, படபடப்பும் வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது.

"அப்ப இத்தன வருசம் நான் பயந்து என்னத்தக் காப்பாத்துனேன்?"

டாக்டரம்மா பதில் சொல்லுவார் என்று பார்த்தேன். தவசிதான் ஊன்றுகோலை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார். டாக்டரும் நர்சும் இருக்கிற இடம் என்ற கூச்சமே அவருக்கு அன்று இல்லை.

"பயம் ஒண்ணத்தையும் காப்பாத்தல பேச்சி. எனக்கும் இவனுக்கும் நேரத்துக்குச் சோறு போட்டது நீதான? காச்சல்ல கெடந்தா தலைமாட்டுல உக்காந்தது நீதான? அதையெல்லாம் பயமா வந்து செஞ்சுச்சு? அதை நீ செய்யி. பயத்தை விட்டுரு."

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை, வெளியே வந்து நன்றாக அழுதேன். ஆபரேஷன் வார்டில் ரத்தத்தைப் பார்த்து அழாதவள் நான். வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், உள்ளே யாருக்கு என்ன ஆயிற்று என்று பதறிக் கேட்டார். ஒன்றுமில்லை, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்றேன். அவர் நம்பவில்லை.

நான் திரும்பி உள்ளே போனபோது மாட்டுக்காகத் தவசி வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கை காட்டி நிறுத்தி, மாத்திரையைத் தொடர வேண்டும், நன்றாக இருந்தாலும் ஒரு வருடமாவது தொடர்ந்துவிட்டுத்தான் குறைக்கலாம் என்று சொல்லி, வழக்கம்போல ஒப்பிக்கச் சொன்னார். பேச்சியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒழுங்காக ஒப்பித்தாள். கடைசியில் தானாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். "என் நாத்தனாரே வந்து சொன்னாலும் நிப்பாட்ட மாட்டேன்."

அதுபோலவே நடந்துகொண்டாள். வருடம் திரும்பி, இன்னும் சில மாதம் கழித்து, டாக்டரம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மாத்திரையை நிறுத்தினார். பயம் முழுசாக ஓடிப்போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மழை இருட்டினால் இன்றைக்கும் சுவரை ஒரு பார்வை பார்ப்பாள். பார்த்துவிட்டு வேலையைப் பார்ப்பாள், அதுதான் வித்தியாசம். பாண்டி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொஞ்ச நாள் திரிந்தான் என்றும், பிறகு வண்டியை நிறுத்துகிற இடத்திலெல்லாம் அவனே கூப்பிட ஆரம்பித்துவிட்டான் என்றும் தவசி சொன்னார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசிச் செவ்வாய்க்கிழமை, பேச்சியம்மாள் வறுத்த நிலக்கடலையோடு என்னைப் பார்க்க வந்தாள். மாத்திரைக்கு இல்லை, எனக்காகவே வந்தாள். டாக்டரம்மாவும் நானும் அவளும் கடலையை உரித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். அவள் போன் அடித்தது. அடிக்க அடிக்கக் கையிலிருந்த கடலையை உரித்து முடித்து, வாயில் போட்டு, மென்று விழுங்கிவிட்டுத்தான் எடுத்தாள். பாண்டி. அவன் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது. காலையிலிருந்து எத்தனை தடவை கூப்பிடுவது, ஏன் எடுக்கவில்லை, எங்கே போனாய், பஸ்ஸிலா போனாய், யாரும் துணைக்கு வந்தார்களா, விழுந்து கிழுந்து தொலைத்தாயா, எனக்கு இங்கே வண்டி ஓட்டக் கை ஓடவில்லை என்று மூச்சு விடாமல் கத்தினான்.

பேச்சியம்மாள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். டாக்டரம்மாவை ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"வண்டிய ஓரமா நிப்பாட்டுனியாடா? சரி. இம்புட்டுப் பதறுனா ஒடம்பு என்னத்துக்கு ஆகும், ராசா? ஒரு செவ்வாக்கெழம வா, நம்ம டாக்டரம்மாகிட்டக் காட்டுவோம். ஒண்ணும் பயப்படாத. அரை மாத்திரையில இருந்துதான் ஆரம்பிப்பாக."